சட்டைப்பைக்கும் கண்ணுக்கும் நடுவே: உயர்ரகக் காம்பாக்ட் கேமராவில் மின்னணு வியூஃபைண்டர், 1995–2025

1995இல் கேசியோ நிறுவனம் க்யூவி-10 என்ற டிஜிட்டல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கால் மெகாபிக்சல் படம், சுழலும் லென்ஸ், முதுகில் 1.8 அங்குலத் திரை. கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க அதில் ஒரு துளைகூடக் கிடையாது. கேமராவை முகத்துக்கு முன்னால் தள்ளிப் பிடித்து, திரையில் தெரிவதைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். 1925இல் லைப்சிக் வணிகச் சந்தையில் லைக்கா அறிமுகமானது முதல் எழுபது ஆண்டுகளாகச் சிறிய கேமரா என்றால் அது கண்ணுக்கு உயர்த்தப்படும் பொருள் என்றே உலகம் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைக் கலைத்தது இந்தச் சின்ன விளையாட்டுப் பெட்டிதான்.

அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் ஒரு கேள்வி ஓயவே இல்லை. பெரிய சென்சாரும் ஒளி நிறைய வாங்கும் லென்ஸும் கொண்ட, விலை கூடிய காம்பாக்ட் கேமராவுக்குக் கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் தேவையா? தேவை என்றால் அது மின்னணு வகையாக இருக்க வேண்டுமா? நிறுவனங்கள் இதற்கு ஒரே பதிலைச் சொன்னதில்லை. சொன்ன பதிலை அடுத்த மாடலிலேயே மாற்றிக்கொண்டதும் உண்டு. அந்தத் தடுமாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், தீர்மானித்தது ரசனை மட்டும் அல்ல, கேமராவின் தடிமனும்தான் என்று தெரிகிறது.

முதலில் தொலைந்தது ஒளியியல் வியூஃபைண்டர். 1966இல் வந்த ரோலை 35, 1990இல் வந்த கான்டாக்ஸ் டி2 போன்ற ஃபிலிம் காம்பாக்டுகளில் அது இயல்பாகப் பொருந்தியிருந்தது. லென்ஸின் குவியத் தூரம் மாறாததால் அதற்கேற்ற ஒரு சட்டகம் போதும். ஜூம் லென்ஸ் வந்ததும் சிக்கல் தொடங்கியது. லென்ஸ் நகர்வதோடு சேர்ந்து நகரும் குட்டிக் கண்ணாடிகளை உடலின் மூலைக்குள் திணிக்க வேண்டியிருந்தது. 2000இல் வெளியான கேனன் பவர்ஷாட் ஜி1 முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஜி வரிசையில் இந்தக் குழாய் போன்ற வியூஃபைண்டர் நீடித்தது. எடுக்கப்போகும் படத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அதில் தெரியும். லென்ஸை நீட்டினால் அதன் விளிம்பு ஓரத்தில் எட்டிப்பார்க்கும். ஃபோகஸ் எங்கே விழுந்தது, ஷட்டர் வேகம் என்ன என்பதற்கெல்லாம் அதில் விடை இல்லை. திரைகள் 2.5, 3 அங்குலம் என்று வளர்ந்தபோது அந்தத் துளையை எடுத்துவிட்டால் திரைக்கு இடம் கிடைக்கும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. 2009இல் கேனன் எஸ்90 வியூஃபைண்டர் இல்லாமலே வந்தது. அதே நிறுவனத்தின் ஜி12 மறு ஆண்டு அதை வைத்துக்கொண்டே வந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து.

மின்னணு மாற்று அப்போது இல்லாமல் இல்லை. 2001இல் சோனி எஃப்707, 2004இல் மினோல்டா ஏ2 போன்ற கனத்த கேமராக்கள் உள்ளே ஒரு குட்டித் திரையை வைத்து, அதை உருப்பெருக்கிக் கண்ணுக்குக் காட்டின. ஏ2வில் 9.22 லட்சம் புள்ளிகள், அந்தக் காலத்துக்கு அது பெரிய எண். ஆனால் இவற்றில் எதையும் சட்டைப்பையில் போட முடியாது.

புள்ளிக் கணக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விளம்பரத்தில் 14.4 லட்சம் புள்ளி என்றால் அத்தனை பிக்சல் என்று பொருள் இல்லை. 800க்கு 600 பிக்சல், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று, ஆகப் பெருக்கினால் 14.4 லட்சம். பின்னாளில் பரவலான 23.6 லட்சம் என்பது 1024க்கு 768 பிக்சல்தான். 2008இல் பானாசோனிக் ஜி1 கேமராவில் 14.4 லட்சம் என்ற அளவு எட்டப்பட்டபோது அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக அதிவேகமாக மின்னும், கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். பார்வையைச் சட்டென்று திருப்பினால் பொருள்களின் ஓரத்தில் வானவில் கீற்று தெரியும். சிலருக்கு அது உறுத்தவே உறுத்தாது, சிலருக்குத் தலைவலியே வரும்.

இந்தக் குட்டித் திரைச் சில்லு தரமாகவும் சிறிதாகவும் ஆகும்வரை காம்பாக்ட் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி, தனியாக விற்பது. 2007இல் ரிக்கோ ஜிஎக்ஸ்100 கேமராவின் தலையில் பொருத்தும் மின்னணு வியூஃபைண்டரை அந்த நிறுவனம் வெளியிட்டது. 2010இல் பானாசோனிக் எல்எக்ஸ்5க்கு வந்த துணைக்கருவியில் இருந்தது வெறும் 2 லட்சம் புள்ளி. அதில் பார்த்து ஃபோகஸ் சரியா தவறா என்று சொல்வது ஜோசியம்தான். இந்த வழியின் உச்சம் 2012இன் சோனி ஆர்எக்ஸ்1. முழுச்சட்டச் சென்சார், 35 மி.மீ. ஸைஸ் லென்ஸ், விலை 2,799 டாலர். வியூஃபைண்டர் வேண்டுமென்றால் மேலும் 450 டாலர் அளவுக்கு எடுத்து வைக்க வேண்டும். கொடுத்து வாங்கிப் பொருத்தினால் கேமரா பைக்குள் போகாது. கழற்றி வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. ஃபிளாஷ் மாட்டும் இடமும் போய்விடும். காம்பாக்ட் வரலாற்றில் இதைவிட மோசமான சமரசம் இருக்கிறதா என்பது ஐயமே.

இதற்குள் ஃபியூஜிஃபிலிம் முற்றிலும் வேறு திசையில் போயிருந்தது. 2010 செப்டம்பரில் கொலோன் நகரின் போட்டோகினா கண்காட்சியில் காட்டப்பட்டு, 2011 மார்ச்சில் விற்பனைக்கு வந்த எக்ஸ்100 கேமராவில் ஒளியியலும் மின்னணுவும் ஒரே துளைக்குள் இருந்தன. சாதாரண நிலையில் கண்ணாடி வழியே நேராக வெளியுலகம் தெரியும். அதன் மேல் சட்டகக் கோடுகளையும் ஷட்டர் வேகத்தையும் ஒரு பட்டகம் ஒளியால் எழுதிக் காட்டும். முன்பக்கத்து நெம்புகோலை விரலால் இழுத்தால் வெளிச் சாளரம் மறைந்து, அதே இடத்தில் 14.4 லட்சம் புள்ளி மின்னணுப் படம் வரும். மிக அருகில் இருக்கும் பொருளை எடுக்கும்போது ஒளியியல் சாளரமும் லென்ஸும் வேறு வேறு இடத்தைப் பார்க்கும் என்பதால், மேக்ரோ நிலைக்குப் போனதும் கேமரா தானாகவே மின்னணுவுக்கு மாறிவிடும். இரண்டில் எது சிறந்தது என்ற சண்டையை வாங்குபவரின் ஆள்காட்டி விரலிடம் ஒப்படைத்ததுதான் இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம்.

வெற்றி தற்செயலானதில்லை. 2014இன் எக்ஸ்100டி, ஒளியியல் காட்சியின் ஒரு மூலையில் மட்டும் சிறு மின்னணுச் சதுரத்தைக் காட்டி ஃபோகஸைச் சரிபார்க்க உதவியது. 2020இன் எக்ஸ்100வி 36.9 லட்சம் புள்ளி ஓஎல்இடி சில்லைப் பெற்றது. 2024 பிப்ரவரியில் 40 மெகாபிக்சலுடன் வந்த எக்ஸ்100 ஆறாம் மாடலுக்கு வாங்குபவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அதன் அளவைப் பாருங்கள்: அகலம் 128 மி.மீ., தடிமன் 55.3 மி.மீ., எடை 521 கிராம். இது கோட்டுப் பைக்கான கேமரா. வியூஃபைண்டருக்கு இடம் கொடுக்கத் தீர்மானித்துவிட்டு, அதைச் சுற்றி உடலைக் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது சோனி ஆர்எக்ஸ்100. உடலின் அளவைத் தீர்மானித்துவிட்டு உள்ளே எது நுழையும் என்று பார்த்த கேமரா அது. 2012இல் வந்த முதல் மாடலின் தடிமன் 35.9 மி.மீ., வியூஃபைண்டர் இல்லை. 2013இன் இரண்டாம் மாடல் துணைக்கருவி மாட்டும் இடத்தைச் சேர்த்துக்கொண்டு 38.3 மி.மீ. ஆனது. 2014இன் மூன்றாம் மாடலில் அந்த இடம் அகற்றப்பட்டது. அதற்குப் பதில் மூலையில் ஒரு பொத்தானைத் தள்ளினால் உள்ளிருந்து மின்னணு வியூஃபைண்டர் எழும்பி நின்றது. தடிமன் 41 மி.மீ. ஐந்தே மில்லிமீட்டரில் பத்தாண்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று அப்போது தோன்றியது.

தீர்ந்ததா? எழும்பிய வியூஃபைண்டரின் கண்பகுதியைக் கையால் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் எல்லாம் மங்கல். அதைக் கீழே அமுக்கினால் கேமராவே அணைந்துவிடும். தெருவில் ஒரு காட்சிக்குக் காத்திருப்பவருக்கு இது பெரும் தொல்லை. ஒரே தொடுதலில் முழுதாக எழும்பும் வகை 2018இன் ஆறாம் மாடலில்தான் வந்தது. காட்சியின் உருப்பெருக்கமோ 0.59 மடங்குதான். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது: தேவைப்படாதபோது இல்லாமலும் தேவைப்படும்போது இருந்தும் நடந்துகொண்ட முதல் வியூஃபைண்டர் அது.

கேனனின் நடத்தை இன்னும் சுவையானது. 2014இல் ஜி7 எக்ஸ், வியூஃபைண்டர் இல்லை. 2015இல் ஜி5 எக்ஸ், நடுத்தலையில் புடைப்போடு நிலையான வியூஃபைண்டர். 2019 ஜூலையில் இரண்டின் புதிய மாடல்களும் ஒரே நாளில் வந்தன: 899 டாலருக்கு எழும்பும் வியூஃபைண்டருடன் ஜி5 எக்ஸ் இரண்டு, 749 டாலருக்கு அது இல்லாமல் ஜி7 எக்ஸ் மூன்று. வியூஃபைண்டருக்கு மக்கள் என்ன மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று அளக்க இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது. சென்சார் அளவு ஒன்று, நிறுவனம் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. சில ஆண்டுகள் கழித்து டிக்டாக் தலைமுறை தேடித் தேடி வாங்கி, கடைகளில் இருப்பில்லாமல் செய்தது ஜி7 எக்ஸ் மூன்றைத்தான். தன்னைத் தானே எடுத்துக்கொள்பவருக்கு முன்னால் மடங்கும் திரை வேண்டும், முதுகுப்பக்கத் துளையால் பயன் ஏது? இந்தச் சோதனை முடிவை வைத்து வியூஃபைண்டர் செத்துவிட்டது என்று சொல்பவர்கள், வாங்கியவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வியூஃபைண்டரே வேண்டாம் என்று கொள்கையோடு நின்றது ரிக்கோ ஜிஆர். 2005இன் ஜிஆர் டிஜிட்டல் முதல் 2025இன் ஜிஆர் நான்கு வரை ஒன்றில்கூட உள்ளமைந்த வியூஃபைண்டர் இல்லை. அதற்கு இடையில் சென்சார் ஏபிஎஸ்-சி அளவுக்கு வளர்ந்தது. 2019இன் ஜிஆர் மூன்றின் தடிமன் 33.2 மி.மீ., எடை 257 கிராம். எக்ஸ்100 ஆறின் எடையில் பாதி. இங்கே பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. 28 மி.மீ. அகலக் கோண லென்ஸ், முன்கூட்டியே ஒன்றரை மீட்டர் அல்லது இரண்டு மீட்டர் என்று தூரத்தை நிர்ணயித்துவைக்கும் ஸ்னாப் ஃபோகஸ் வசதி. பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா யோசிக்காமல் அந்தத் தூரத்தில் படமெடுக்கும். டோக்கியோ தெருக்களை ஜிஆர் கேமராக்களால் எடுத்த டைடோ மொரியாமாவின் பாணிக்கு, சட்டகத்தைக் கண்ணால் நுணுக்கமாக அளக்கும் வேலையே இல்லை. இடுப்பளவிலிருந்துகூட எடுக்கலாம். ஜிஆருக்கு வியூஃபைண்டர் சேர்த்தால் அது வேறு கேமரா ஆகிவிடும்.

மறுபக்கத்து வாதங்கள் உடல் சார்ந்தவை, அதனால் வலுவானவை. உச்சி வெயிலில் பின்திரை கறுத்துப்போகும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கைநீட்டும் தூரத்துத் திரை மங்கலாகத் தெரியும், வாசிப்புக் கண்ணாடியைத் தேட வேண்டும். வியூஃபைண்டரிலோ பார்வைக்கேற்பத் திருப்பும் சிறு சக்கரம் உண்டு. முழங்கைகள் விலாவோடும் கேமரா நெற்றியோடும் ஒட்டும்போது கை நடுக்கம் குறைகிறது. நீண்ட ஜூமில் இந்த வேறுபாடு பெரிதாகிறது. அகலக் கோணத்தில் தேவையில்லாத வியூஃபைண்டர், 200 மி.மீ.க்கு மேல் போனால் தவிர்க்க முடியாதது ஆகிறது என்பதே நியாயமான கணிப்பு.

செல்பேசியின் பங்கும் இதில் உண்டு. ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிஐபிஏவின் கணக்கில், லென்ஸ் மாற்றமுடியாத டிஜிட்டல் கேமராக்கள் 2010இல் 10 கோடிக்கு மேல் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே. செல்பேசியில் இல்லாததைத் தந்தால்தான் பிழைப்பு என்ற நிலை. 2014இல் பானாசோனிக் எல்எக்ஸ்100, 2015இல் 36.8 லட்சம் புள்ளியோடு லைக்கா க்யூ ஆகியவை வியூஃபைண்டரை விற்பனைக் காரணமாகவே முன்வைத்தன.

இத்தனைக்கும் பிறகு 2025ஆம் ஆண்டில் ஒருமித்த கருத்து உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை. பிப்ரவரியில் பானாசோனிக் டிஇசட்99 வந்தது. உயர்ரகத்தில் சேராது என்றாலும், 720 மி.மீ. வரை நீளும் ஜூம் கொண்டது. முந்தைய டிஇசட்95இல் இருந்த வியூஃபைண்டர் இதில் நீக்கப்பட்டிருந்தது. மிகவும் தேவைப்பட்ட இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப், மீடியம் ஃபார்மட் சென்சாரும் 57.6 லட்சம் புள்ளியும். ஜூலையில் சோனி ஆர்எக்ஸ்1ஆர் மூன்று, விலை 5,098 டாலர். முந்தைய மாடலில் எழும்பிய வியூஃபைண்டர் இதில் நிலையாகப் பதிந்துவிட்டது. ஆனால் பத்து ஆண்டு கழித்தும் அதே 23.6 லட்சம் புள்ளி, உருப்பெருக்கம் 0.74இலிருந்து 0.70ஆகக் குறைந்தும் இருந்தது. அந்த விலைக்கு இது கஞ்சத்தனம்.

இவற்றுக்கு நடுவே வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் ஹாஃப் மின்னணுக் கேள்வியையே தாண்டிச் சென்றது. 849 டாலர் அறிமுக விலை, ஒரு அங்குல வகைச் சென்சார், செங்குத்தாகப் படமெடுக்கும் உடல், மூலையில் எந்தத் தகவலும் காட்டாத பழைய குழாய் வியூஃபைண்டர். அதன் ஃபிலிம் கேமரா நிலையைத் தேர்ந்தெடுத்தால் 36, 54 அல்லது 72 படங்கள் முடியும்வரை பின்திரையில் காட்சி வராது. கேனன் ஜி1இல் இருந்து, பின்னாளில் குறை என்று தூக்கிப்போடப்பட்ட அதே வகைத் துளை வழியாகத்தான் வாங்கியவர் உலகைப் பார்த்தாக வேண்டும்.