சான் ழான் பியே த போர்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில், நீவ் ஆற்றங்கரையிலுள்ள பாஸ்க் சிற்றூர். பாஸ்க் மொழியில் தோனிபானே கராசி. மக்கள்தொகை ஏறத்தாழ 1,500. ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் பாதயாத்திரை போவோரில் பலர் இங்கிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். இங்கிருந்து சாந்தியாகோ சுமார் 780 கி.மீ.

வரலாறு: ஊர் முதலில் அருகிலுள்ள சான் ழான் லெ வியேயில் இருந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் படை 1177இல் அதை அழித்தது. பிரனீஸைக் கடக்கும் ரொன்செஸ்வாயேஸ் கணவாய் வழியைக் காக்க நவார் நாட்டு மன்னர்கள் இன்றைய இடத்தில் புதிய ஊரை எழுப்பினர். 1512இல் நவாரின் தென்பகுதி ஸ்பெயின் வசமாயிற்று. மலைக்கு வடக்கே எஞ்சிய கீழ் நவார் 1620இல் பிரான்சுடன் இணைக்கப்பட்டது.

கணவாயின் புகழ் ஊரைவிடப் பழையது. பம்ப்லோனாவின் மதிலை இடித்துவிட்டுத் திரும்பிய பிராங்கிய மன்னர் சார்லமேனின் பின்படையை 778இல் மலையில் மடக்கி வீழ்த்தியவர்கள் பாஸ்க் மக்கள். ‘ரோலந்தின் பாடல்’ என்னும் பிரெஞ்சுக் காவியம் அதைச் சாரசேனியர் (முஸ்லிம்கள்) செயலாக்கிவிட்டது. மலைவாசிகளிடம் தோற்பது காவிய நாயகன் ரோலந்துக்குத் தகாது என்று கருதினார்கள் போலும். எமெரி பிக்கோ எழுதியதாகக் கருதப்படும் 12ஆம் நூற்றாண்டு யாத்திரை வழிகாட்டி, இப்பகுதிச் சுங்கக்காரர்கள் தடிகளுடன் வழிமறித்துப் பணம் பறித்ததாகக் கூறி, பாஸ்க் இனத்தையே வசைபாடுகிறது. சுங்கம் கட்டிய கடுப்பு என்றே இதைக் கொள்ளவேண்டும். ஆயினும் பாஸ்க் சொற்கள் சிலவற்றை முதன்முதலில் பட்டியலிட்டவற்றுள் அந்நூலும் ஒன்று.

காணத்தக்கவை: சிவந்த மணற்கல் நிலைகளில் பெயரும் ஆண்டும் செதுக்கிய வீடுகள் கொண்ட சரிவான சிதாதெல் தெரு, அதன் மேல்கோடியில், 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலிலுள்ள புனித யாக்கோபு வாயில். ‘ஆயர்கள் சிறை’ என்னும் கட்டடத்தில் ஆயர் எவரும் அடைபட்டதில்லை. போப் பதவிக்குப் போட்டி நிலவிய திருச்சபைப் பிளவுக் காலத்தில் பயோன் ஆயர்கள் இவ்வூரில் தங்கியதும், பிற்காலத்தில் இக்கட்டடம் சிறையானதும் பெயரில் ஒட்டிக்கொண்டன. உச்சியிலுள்ள கோட்டை இப்போது பள்ளிக்கூடம்.

பயணம்: பயோனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழிநெடுக முத்திரை பதிப்பதற்கான யாத்திரிகர் அட்டையை யாத்திரிகர் அலுவலகத்தில் பெறலாம். முதல் நாள் நடை கடுமையானது: ஏறத்தாழ 170 மீ. உயரத்திலிருந்து 1,430 மீ. வரை ஏறி ரொன்செஸ்வாயேஸில் இறங்கவேண்டும். சுமார் 25 கி.மீ. நவம்பர் முதல் மார்ச் முடிய இம்மலைப்பாதை மூடப்படுவதால், அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியே செல்லவேண்டும்.

இன்று யாத்திரிகர் விடுதிகளும், ஆட்டுப்பால் சீஸும், இப்பகுதியின் இருலேகி திராட்சை மதுவும் ஊருக்கு வருவாய் தருகின்றன. திங்கட்கிழமை சந்தை கூடும்.