நியாயம் கேட்க 1,200 பவுண்டு

பிரிட்டனில் சம்பளத்தைப் பிடித்து வைத்த முதலாளி மீதும், காரணமில்லாமல் வேலையை விட்டு அனுப்பியவர் மீதும் வழக்குப் போடத் தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. 1964ல் வந்தவை. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு காலம் அங்கே வழக்குப் போட ஒரு பென்னி கூடக் கட்ட வேண்டியதில்லை.

29 ஜூலை 2013ல் இது மாறியது. அப்போதைய நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் கொண்டுவந்த ஆணைப்படி, சம்பள பாக்கி போன்ற சின்ன வழக்குகளுக்கு 390 பவுண்டு. பணிநீக்கம், பாகுபாடு போன்றவற்றுக்கு 1,200. (இதில் 250 வழக்குப் பதியும்போது, 950 விசாரணைக்கு முன்.) மேல்முறையீடு என்றால் தனியாக 1,600! தீர்ப்பாயச் செலவில் ஒரு பங்கை அதைப் பயன்படுத்துகிறவர்களே ஏற்கட்டும், வீண் வழக்குகளும் குறையும் என்றது அரசு.

வழக்குகள் குறைந்தன, அதுவும் கிட்டத்தட்ட 70 சதவீதம். ஆனால் வீண் வழக்குகள்தான் குறைந்தன என்றால், மிச்சமிருந்தவற்றில் ஜெயிப்பவர்கள் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. 300 பவுண்டு பாக்கிக்காக யார் 390 பவுண்டு கட்டுவார்கள்? தோற்றால் அதுவும் போச்சு.

இதை காமன்ஸ் சபையின் நீதிக்குழு விசாரித்தது. தலைவர் பாப் நீல், ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். ஆகவே எதிர்க்கட்சியின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. சமரச அமைப்பான ஏகாஸ் பல தகராறுகளைப் பேசித் தீர்த்ததால்தான் எண்ணிக்கை குறைந்தது என்று அமைச்சர் தரப்பு சொன்னது. கட்டாய சமரச முறை வந்தது மே 2014ல். வழக்குகள் சரிந்ததோ 2013லேயே! அந்த வாதம் மேலோட்டமானது என்று ஜூன் 2016 அறிக்கையில் குழு எழுதியது. கட்டணத்தைப் பெருமளவு குறைக்கச் சொன்னது. 410லிருந்து 550 பவுண்டாக ஏறிய விவாகரத்துக் கட்டணத்தையும் பழையபடி ஆக்கச் சொன்னது. அரசு 2015லேயே தொடங்கிய சொந்த மறுஆய்வை வெளியிடாமல் இழுத்தடித்ததையும் கண்டித்தது. அந்த ஆய்வு ஜனவரி 2017ல்தான் வெளிவந்தது.

குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது. தீர்ப்பாயக் கட்டணம் அப்படியே நீடித்தது.

யுனிசன் என்ற தொழிற்சங்கம் ஏற்கெனவே நீதிமன்றம் போயிருந்தது. உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. ஆனாலும் விடவில்லை. 26 ஜூலை 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆணை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார்கள். முக்கியத் தீர்ப்பை எழுதிய ரீட் பிரபு, 1215ன் மாக்னா கார்ட்டா வரை பின்னால் போய், நீதியை விலைக்கு விற்கக் கூடாது என்ற பழைய வாக்குறுதியை நினைவூட்டினார். 1,200 பவுண்டு கட்டணம் பெண்களை அதிகம் பாதிக்கிறது என்றும் தீர்ப்பில் வந்தது.

வசூலித்த பணத்தைத் திருப்பித் தரும் வேலை அக்டோபர் 2017ல் தொடங்கியது. கட்டணத்தைப் பார்த்துவிட்டு வழக்கே போடாமல் போனவர்களுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை.