ரியர் ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க சோபா எங்க இருக்குன்னு பாருங்க!

மூணு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளி போனஸ் கையில வந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினது. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். டப்பா மேல பெரிய எழுத்துல ஆயிரக்கணக்கான வாட்ஸ் போட்டிருந்தது. வாடகை வீட்டு ஹாலில் பின்பக்கச் சுவர் வரைக்கும் வயர் இழுத்து ரெண்டு ரியர் ஸ்பீக்கரையும் மாட்டிட்டு, ஆறு மாசம் ஜாலியாகப் படம் பார்த்தேன். ஊர்ல இருந்து வந்த தம்பி பத்தே நிமிஷம் உட்கார்ந்து கேட்டுட்டு, "அக்கா, முன்னாடி வர்ற அதே டயலாக்தானே பின்னாடியும் வருது?" என்றான்.

அவன் சொன்னது சரி. டி.வி-யையும் ஹோம் தியேட்டரையும் நான் இணைத்திருந்தது ப்ளூடூத்தில். ப்ளூடூத்தில் இப்படி அனுப்பும்போது இடது, வலது என ரெண்டு சேனல்தான் போகும். ஏ.யு.எக்ஸ் வயரிலும் அதே கதைதான். அந்த ரெண்டையே காப்பி எடுத்து என் செட் பின்னாடியும் அனுப்பிக்கொண்டிருந்தது. படத்தில் மழை பின்னாடி பெய்ததா, முன்னாடி பெய்ததா என்பது ஆறு மாசமா எனக்குத் தெரியவே இல்லை.

அதனால், ஸ்பீக்கரைத் தேடும் முன் உங்க செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஹெச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி அல்லது ஆப்டிகல் இன்புட் இருக்கணும். டால்பி டிஜிட்டலை டீகோட் செய்யும் வசதியும் இருக்கணும். ரெண்டும் இருந்தால், டி.வி-யின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'பி.சி.எம்' என்று இருக்கிறதா எனப் பார்த்து, 'பாஸ் த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்க. பி.சி.எம்-மில் விட்டால் பெரும்பாலும் ரெண்டு சேனல்தான் வெளியே வரும். ஓ.டி.டி-யில் படத்தின் ஆடியோ மெனுவிலும் 5.1 தேர்வாகியிருக்கணும். இதில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு காஸ்ட்லியான ரியர் ஸ்பீக்கர் வாங்கினாலும் அது சும்மா சுவரில் தொங்கும்.

பின்னாடி என்றால் முதுகுக்குப் பின்னாடி இல்லை

நிறைய பேர் தப்பு செய்கிற இடம் இது. 5.1-ல் முன்னாடி மூணு ஸ்பீக்கர், சரவுண்டுக்கு ரெண்டு, அப்புறம் ஒரு சப்-ஊஃபர். அந்த ரெண்டையும் 'ரியர்' என்று சொல்லிச் சொல்லியே நேராகப் பின்பக்கச் சுவரின் மூலைகளில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறோம். டால்பி சொல்லும் கணக்கு வேற. டி.வி-யைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நேர் எதிரே பூஜ்ஜியம் டிகிரி என்றால், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டியது 110 முதல் 120 டிகிரியில்.

டிகிரி எல்லாம் யார் அளப்பாங்க? உட்கார்ந்த இடத்திலேயே ரெண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்க. அது 90 டிகிரி. அங்கிருந்து கைகளைக் கொஞ்சம் பின்னாடி கொண்டுபோனால் அதுதான் இடம். உங்க தலையிலிருந்து ஆறடி தள்ளி ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால், காதுக்கு நேர்க்கோட்டிலிருந்து சுமார் ரெண்டு அடி பின்னாடி வரும். உயரம், காதுக்கு மேலே ஒன்றிலிருந்து ரெண்டு அடி.

சிக்கல் இங்கேதான். பத்துக்குப் பதினாலு ஹாலில் சோபா சுவரை ஒட்டித்தான் இருக்கும். பின்னாடி ரெண்டு அடிக்கு எங்கே போறது? முடிந்தால் சோபாவை முன்னாடி இழுங்க. ஒன்றரை அடி கிடைத்தாலும் வித்தியாசம் தெரியும். முடியலையா, பக்கவாட்டுச் சுவர்களில், காதுக்கு நேராக மாட்டிவிடுங்க. பின்சுவரில் மாட்டி, ஸ்பீக்கர் உங்க உச்சந்தலைக்கு மேல வந்து உட்கார்றதைவிட இது எவ்வளவோ மேல். சோபா சுவரை ஒட்டியிருக்கும் வீட்டில் 7.1 வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கூடுதலாக வரும் அந்த ரெண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்குப் பின்னாடி நிஜமாகவே காலி இடம் வேணும். அந்தக் காசை சென்டர் ஸ்பீக்கரில் போடுங்க, டயலாக்காவது தெளிவாகக் கேட்கும்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீங்க

டப்பாவில் 'பி.எம்.பி.ஓ' என்று போட்டிருக்கும் எண்ணைக் கண்டுகொள்ளாதீங்க. அது விளம்பரத்துக்கான எண். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். இன்னொரு எண் 'சென்சிடிவிட்டி', டெசிபலில் இருக்கும். இது 3 டெசிபல் அதிகமான ஸ்பீக்கருக்கு, அதே சத்தத்தைத் தர பாதி பவர் போதும்.

ரியருக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையே இல்லை. ஏ.வி. ரிசீவரில் ரியரை 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் விட்டால், அதற்குக் கீழே உள்ள பேஸ் முழுக்க சப்-ஊஃபருக்குப் போய்விடும். நாலு இன்ச் டிரைவர் உள்ள சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரே நம்ம ஹாலுக்குத் தாராளம். முன்னாடி இருக்கும் கம்பெனியின் அதே சீரிஸில் கிடைத்தால் நல்லது. வண்டி ஒன்று முன்னாடியிருந்து பின்னாடி போகும்போது அதன் குரல் மாறாது. ஓம்ஸ் மட்டும் ரிசீவர் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே போகக் கூடாது. பழைய செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைப் புது ரிசீவரில் மாட்ட நினைப்பவர்கள் அதன் பின்னாடி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிச்சிட்டு மாட்டுங்க. சில செட் ஸ்பீக்கர்கள் மூணு, நாலு ஓம்ஸ்தான் இருக்கும்.

'பைபோல்' என்று ரெண்டு பக்கமும் சத்தம் விடும் வகை ஒன்று இருக்கு. ஸ்பீக்கர் உங்களுக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறதென்றால் அது உதவும். பின்னாளில் அட்மாஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் சாதாரண நேரடி வகையே வாங்குங்க.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் துளை போட்டால் அட்வான்ஸில் கை வைப்பாங்க, ஸ்டாண்ட் வாங்குங்க. 'வயர்லெஸ் ரியர்' என்பதில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயர்தான் இல்லை. ஸ்பீக்கருக்குக் கரன்ட் வேணும், சோபா பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கான்னு பார்த்துக்கோங்க. சவுண்ட்பாருக்கு ரியர் சேர்ப்பதென்றால், பெரும்பாலும் அந்த மாடலுக்கு என்று கம்பெனி சொல்வது மட்டும்தான் சேரும். வயர் வாங்கும்போது 16 கேஜ் செம்பு வயர் கேளுங்க. 'சி.சி.ஏ' என்று இருந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது.

மாட்டியாச்சா? சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாமல் குழம்பும். அப்புறம் ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் கொடுங்க. சத்தம் ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். அந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி ரிசீவர் சரிசெய்யும். டெஸ்ட் டோனைப் போட்டு, போனில் சவுண்ட் மீட்டர் ஆப்பை வைத்து, எல்லா ஸ்பீக்கரும் உட்காரும் இடத்தில் ஒரே அளவு காட்டும்வரை லெவலை ஏத்தி இறக்குங்க. காசு கொடுத்து வாங்கிட்டோமேன்னு ரியரை மட்டும் ஏத்தி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. படத்தில் யாரோ இருமினால்கூட திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நாளில் குறைத்துவிட்டேன்.

இப்போ எங்க ஹாலில் சோபா சுவரிலிருந்து ஒண்ணே முக்கால் அடி முன்னாடி நிற்குது. அந்த இடைவெளியில் அம்மா துணி காயப்போடும் ஸ்டாண்டைச் செருகி வெச்சிருக்காங்க. படம் போடுறப்போ மட்டும் அதை எடுக்கணும்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம்.