களை எடுத்தோம், மண் போனது

“மண் அரிப்புக்குக் காரணம் என்ன?” என்று கேட்டால், நம் மாணவர்கள் உடனே “கனமழை”ன்னு எழுதிவிடுகிறார்கள். அது பாதி விடைதான். மீதியைப் பேராக்கின் வரலாறு சொல்லும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று தோட்டத் துரைமார்கள் எண்ணினார்கள். மரத்துக்குரிய சத்தைப் புல் தின்னுடும் என்பது அவர்களின் கணக்கு. கங்காணியின் மேற்பார்வையில் நம் முன்னோர்கள் தரையைச் சுத்தமாகச் செதுக்கினார்கள். போர்வை போயிற்று, சரிவான நிலத்தில் மேல்மண் மழைநீரோடு இறங்கியது. கிந்தா பள்ளத்தாக்கிலோ நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். அந்தச் சேறும் மணலும் ஆற்றில் படிய, ஆறு ஆழம் குறைந்தது. வெள்ளம் எளிதாகக் கரை ஏறியது.

பிறகுதான் தோட்டங்கள் பாடம் கற்றன. மண் தேக்கும் குழிகள், வரப்புகள், மலைச்சரிவில் படித்தளங்கள் வந்தன. அவரை இனக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டார்கள். அவை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும்.

புல்லைச் செதுக்கிய கைகளே குழிகளையும் வெட்டின. ஆனால் முடிவு எடுத்தவர்கள் வேறு. ஆகவே மாணவர்களே, தேர்வில் காரணம் எழுதும்போது மழையோடு நிறுத்தாதீர்கள். நிலத்தை வெறுமையாக்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.