ஜெர்சி வயிற்றில் கிர் கன்று.. மாடுகளுக்கு ஐவிஎஃப் எப்படி நடக்குது? பணம் கட்டும் முன் விவசாயி என்ன கேட்கணும்?

ஒரே ஒரு பசு. மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல! பிரேசில் நாட்டின் வியாடினா-19 தான் அது. 2023-ல் நடந்த ஏலத்தில் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் விற்கப்பட்டது. அந்த விலையை வைத்துப் போட்ட கணக்கு இது. நெலோர் இனத்தைச் சேர்ந்தது. ஆமா, நம்ம நெல்லூர் பெயர்தான். ஆந்திராவின் ஓங்கோல் மாடுகளின் வழிவந்த இறைச்சி இனம்.

ஒரு மாட்டுக்கு இவ்வளவு விலை ஏன்? காரணம், அதன் கருமுட்டை.

சாதாரணமா ஒரு பசு 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். அப்போது பெரும்பாலும் ஒரு முட்டைதான் வெளிவரும். சினை ஊசி போட்டு, சினை பிடித்து, ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து, ஒரு கன்று. எவ்வளவு நல்ல பசுவா இருந்தாலும் ஆயுசுக்கும் ஏழெட்டு கன்றுதான். காளைக்கு இந்தப் பிரச்னை இல்லை. உறைவிந்து மூலம் ஒரே காளைக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள். பசுவுக்கு இருந்த இந்தத் தடையைத்தான் ஐவிஎஃப் உடைக்குது.

எப்படி நடக்குது?

கருமுட்டை கொடுக்கும் பசுவை நிற்க வைத்தே, முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போடுறாங்க. அல்ட்ராசவுண்ட் திரையில் சினைப்பையைப் பார்த்தபடி, மெல்லிய ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுக்குறாங்க. அறுவை சிகிச்சை கிடையாது. இரண்டு வாரத்தில் மறுபடியும் எடுக்கலாம். சினையான முதல் சில மாதங்களில்கூட எடுக்க முடியும்.

முட்டைகளை ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முதிர வைத்து, விந்தணுவோடு சேர்ப்பாங்க. அப்புறம் பசுவின் உடல் சூடான 38.5 டிகிரியில் இன்குபேட்டரில் வளரும். ஏழாம் நாள் கரு தயார். அதை வாடகைத் தாய் மாட்டின் கருப்பையில் வைப்பாங்க. அந்த மாடும் பருவத்துக்கு வந்து ஏழு நாள் ஆகியிருக்கணும். இந்தக் கணக்கு தப்பினால் கரு ஒட்டாது.

வாடகைத் தாய் எந்த இனமாகவும் இருக்கலாம். ஜெர்சி கலப்பின மாடு கிர் கன்று போடும். கன்றின் மரபணுவில் அதுக்குப் பங்கு இல்லை. ஆனா கருப்பையும் சீம்பாலும் அதோடதுதான். அதனால நோஞ்சான் மாட்டுக்குள் உயர்தரக் கருவை வைப்பது வீண்.

இந்தியாவில்?

2021 அக்டோபரில் குஜராத்தின் கிர் சோம்நாத் மாவட்டம் தானேஜ் கிராமத்தில், ஐவிஎஃப் மூலம் ஒரு பன்னி இன எருமைக் கன்று பிறந்தது. நாட்டின் முதல் ஐவிஎஃப் எருமை என்று பலர் பகிர்ந்தாங்க. அது சரியில்லை. பன்னி இனத்தில்தான் முதல். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-லேயே 'பிரதம்' என்ற ஐவிஎஃப் எருமைக் கன்று பிறந்துவிட்டது.

இப்போது ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில், ஐவிஎஃப் மூலம் உறுதியாகும் ஒவ்வொரு சினைக்கும் மத்திய அரசு ரூ.5,000 மானியம் தருகிறது.

'சினை உறுதி' என்பதுதான் முக்கியம்

இங்கதான் உஷாரா இருக்கணும். 20 முட்டை எடுத்தா, தோராயமா 6 கரு தேறும். ஆறையும் ஆறு மாட்டில் வைத்தால், இரண்டு சினை நின்றாலே பரவாயில்லை. உறைய வைத்த கரு என்றால் இன்னும் குறையலாம். ஆக, கருவுக்குப் பணம் கட்டுறோமா, சினைக்கா என்பதை முதலிலேயே கேட்டு, எழுதி வாங்கிடுங்க.

பாலினம் பிரித்த விந்து பயன்படுத்துறாங்களா என்றும் கேளுங்க. பயன்படுத்தினால் பிறப்பதில் சுமார் 90 சதவீதம் கிடேரிக் கன்றா இருக்கும். இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி காளைக் கன்றுதான். கருவின் தாய்க்குப் பால் பதிவேடு இருக்கா? எந்தக் காளையின் விந்து? இதையும் விட்டுடாதீங்க. ஒரே சில காளைகளின் விந்தே திரும்பத் திரும்ப வந்தால், சில தலைமுறையில் ஊர் முழுக்க நெருங்கிய சொந்தமான மாடுகளா ஆகிடும்.

இரண்டு மாடு மட்டும் வைத்திருக்கிறீங்களா? முதலில் பாலினம் பிரித்த சினை ஊசியை முயற்சி செய்வது நல்லது. சினை பிடிக்கும் வாய்ப்பு சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனா தோற்றால் போவது ஒரு ஊசிக் காசு மட்டும்.

கரு வைத்த மாட்டுக்கு ஒரு மாதத்திலேயே ஸ்கேன் செய்து சினை பார்க்கலாம். ஆனா அதுக்கப்புறமும் சில சினைகள் கலைவதுண்டு. அதனால மூன்றாம் மாதம் இன்னொரு பரிசோதனை முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க.