விரல்வழி வாசிப்பும் தகவல் உரிமையும்: தமிழ்ப் பிரெயிலின் வரலாற்றுப் பின்புலம்

பார்வையற்றோர் கல்வியின் வரலாறு பெரும்பாலும் கொடையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பள்ளி நிறுவியோர், மறைப்பணியாளர், புரவலர் ஆகியோரின் பெயர்களே அதில் முன்னிற்கின்றன. அதே வரலாற்றை எழுத்து வடிவின் அடிப்படையில் நோக்கும்போது வேறொரு வினா எழுகிறது. ஒருவர் படிக்க வேண்டிய எழுத்து எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதே அது. 18ஆம் நூற்றாண்டின் பாரிசில் தோன்றிய இவ்வினா இன்றைய தமிழ் மின்னூல் வரை நீள்கிறது.

புடைப்பெழுத்தும் புள்ளியெழுத்தும்

பாரிசில் பார்வையற்றோருக்கான பள்ளியை 1780களில் நிறுவிய வாலந்தேன் அயூய், உரோமானிய எழுத்துகளைத் தாளில் புடைப்பாக அச்சிட்டார். கண்ணுக்குப் பழகிய வடிவத்தை விரலுக்கும் தருவது அவர் நோக்கம். ஆனால், வளைவுகளையும் கோடுகளையும் கண் ஒரே பார்வையில் அறிவதுபோல விரல் அறிவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவிக் கூட்ட வேண்டியிருந்தது. நூல்கள் பருமனாயின. அவ்வெழுத்தை மாணவர் தாமே எளிதில் எழுதவும் இயலவில்லை. 1819இல் அப்பள்ளியில் சேர்ந்த லூயி பிரெயில், சார்லஸ் பார்பியே வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை ஆராய்ந்து, ஒரு விரல் நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில் உருவாக்கிய அம்முறையை 1829இல் நூலாக வெளியிட்டார்.

இதற்கு எதிர்ப்பு பள்ளிக்குள்ளேயே எழுந்தது. பார்ப்போர் படிக்க இயலாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்று வாதிடப்பட்டது. கற்பிப்போரின் வசதியும் அவ்வாதத்துள் மறைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மாணவரோ அப்புள்ளிகளைக் கைவிடவில்லை. பிரெயில் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1854இல்தான் பிரெஞ்சு அரசு அதனை ஏற்றது.

பாரதி பிரெயிலும் தமிழ் எழுத்திலக்கணமும்

இந்தியாவில் அமிர்தசரசில் 1887இலும் பாளையங்கோட்டையில் 1890இலும் பார்வையற்றோர் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. பள்ளிகள் பெருகியபோது குறிமுறைகளும் பெருகின. நோல்ஸ், கார்த்வெயிட் ஆகியோர் 1902இல் வகுத்த கீழைப் பிரெயில் அவற்றுள் ஒன்று. ஒரே மொழிக்குப் பல குறிமுறைகள் வழங்கியமையால், ஒரு பள்ளியில் அச்சான நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படாத நிலை ஏற்பட்டது. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவின் கவனத்திற்குக் கொண்டு சென்றது. 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூட்டிலும் நடைபெற்ற கூட்டங்களை அடுத்து, இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது.

அதன் அடிப்படை ஒலியே. ‘க’ என்பதற்கு உரோமானிய ‘கே’ எழுத்தின் புள்ளிகளும், ‘ல’ என்பதற்கு ‘எல்’ எழுத்தின் புள்ளிகளும் அமைந்தன. தமிழைப் பொறுத்தவரை இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. ஆறு புள்ளிகளால் அறுபத்து மூன்று குறிகளே ஆகும். தமிழ் நெடுங்கணக்கிலோ 247 எழுத்துகள் உள்ளன. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பகுத்து நோக்கும் தமிழ் இலக்கண மரபு, இங்கு நடைமுறைத் தீர்வாகவே அமைந்துவிடுகிறது. ‘கொடை’ என்ற சொல்லை அச்சில் படிப்பவர், ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒகரமாக உணர்கிறார். பிரெயிலில் அச்சொல் க, ஒ, ட, ஐ என்னும் நான்கு குறிகள் மட்டுமே. ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. அகரம் ஏறிய மெய்க்குத் தனிக்குறி வேண்டுவதில்லை. புள்ளி பெறும் மெய்க்கு மட்டும், அப்புள்ளியைக் காட்டும் குறி மெய்க்கு முன்னரே வந்துவிடுகிறது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, லை முதலியவற்றின் வரிவடிவங்கள் மாறின. பார்ப்போர் அவற்றைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஒலியை மட்டும் குறிக்கும் பிரெயிலில் அம்மாற்றத்திற்கு வேலையே இருக்கவில்லை.

படியெடுக்கும் உரிமை

குறிமுறை அமைந்தபோதிலும் நூல்கள் போதிய அளவில் அமையவில்லை. பதிப்புரிமை பெற்ற நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றுவதற்கு 1957ஆம் ஆண்டின் சட்டத்தில் வெளிப்படையான விலக்கு இல்லை. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் அக்குறையை நீக்கியது. சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக, இலாப நோக்கமின்றி, அணுகத்தக்க வடிவில் படியெடுக்க 52ஆம் பிரிவு இன்று இடமளிக்கிறது. இத்திருத்தத்திற்காக உழைத்தவருள் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் ராகுல் செரியன் குறிப்பிடத்தக்கவர். எல்லை கடந்து இத்தகைய படிகளைப் பரிமாற வழிவகுத்த மராகேஷ் உடன்படிக்கை 2013 ஜூன் 27 அன்று நிறைவேறியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் மறைந்தார். அவ்வுடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது சிங்கப்பூரும் அதில் இணைந்திருந்தது. தமிழ் நூல்கள் பல நாடுகளில் வெளியாகும் நிலையில் இதன் பயன் சிறிதன்று.

படமாகிப்போன பக்கங்கள்

ஒருங்குறியும் தமிழை ஒலி வரிசையிலேயே சேமிக்கிறது. ‘கொ’ என்பது அங்கு ககரமும் அதனை அடுத்து வரும் ஒகரக்குறியுமே. பாரதி பிரெயிலின் வரிசையும் அதுவே ஆதலால், ஒருங்குறித் தமிழைக் கணினி தானே பிரெயிலாக்கிவிடும். திரைவாசிப்பான் மென்பொருள் அதனை உரக்கப் படிக்கும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களின் நிலை வேறு. உரோமானிய எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வரிவடிவங்களை அவை அமர்த்தியிருந்தமையால், திரையில் தமிழாகத் தோன்றும் பக்கம் திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகிறது. வருடியெடுத்துப் படமாகப் பதிவேற்றிய நூலில் அந்தக் கோவையும் இல்லை. கண்ணுக்குரிய வடிவத்தை மட்டும் காத்து வைத்த அயூயின் புடைப்பெழுத்துடன் இதனை ஒப்பிடலாம். அயூயின் எழுத்தையாவது விரல் மெல்லக் கூட்டிப் படித்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அச்சு, ஒலி, மின்னணு ஊடக உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எண்மவழி அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் கூறு என்பதை 2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பில் அது நிறுவியது.

பதிப்புரிமை விலக்கோ மாற்றிக்கொள்ள அனுமதி தருகிறதே ஒழிய, மாற்றித் தரும் கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. ஆகவே ஆய்வேடு ஒன்றைப் படிக்க விரும்பும் பார்வையற்ற ஆய்வாளர், அதன் படப்பக்கங்களை எழுத்துணரியில் இட்டு, பிழைகளை வேறொருவர் துணையுடன் திருத்திய பின்னரே முதல் வரிக்கு வர முடிகிறது. அண்மைக்கால ஆய்வேடுகள் பலவும் ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அச்சிட்டு, கையொப்பமிட்டு, மீண்டும் வருடிப் பதிவேற்றும்போதுதான் அவை படமாகின்றன. மூலக்கோப்பு அதனை எழுதியவரின் கணினியில் இருக்கிறது.