திருநெல்வேலிச் சீமையில் மதமாற்றம்

மதமாற்றம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வேதாகமத்துடன் நிற்கும் ஐரோப்பிய மிஷனெரியின் உருவமே. மிஷன் சரித்திரங்களை எழுதியோர் அவ்வுருவத்தைப் போற்றினர். எதிர்ப்பாளர் அதனைத் தூற்றினர். இருசாராரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது என் துணிபு. மதம் மாறிய மக்களை அவர்கள் வெறும் செயப்படுபொருளாகவே கண்டனர்.

1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை பாளையங்கோட்டையில் ஒரு சிறு சபையைப் பேணி வளர்த்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்களே காணப்படுகின்றன. பெருந்திரள் இயக்கமோ ஆலயமிருந்த கோட்டையிலன்று, தேரிக்காட்டிலே பிறந்தது. சாத்தான்குளம் வட்டாரத்தில் பிறந்து தஞ்சையில் கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம் உபதேசியாராகத் தம் உறவினரிடையே திரும்பிவந்தார். அவரும் சத்தியநாதன் போதகரும் உழைத்ததன் பயனாக, 1797 முதல் நாடார் குடும்பங்கள் திருச்சபையில் சேரலாயின. எதிர்ப்பு மூண்டது. சொந்த ஊரில் வாழ இயலாதவர்களுக்கென 1799இல் நிலம் வாங்கி முதலூர் அமைக்கப்பட்டது. 1802, 1803ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அந்நாட்களில் மிஷனெரி எவரும் இங்கு நிலையாகத் தங்கியிருக்கவில்லை. யேனிக்கே ஐயர் 1800இலேயே மரித்துவிட்டார்; கெரிக்கே ஐயர் வந்து சென்றார், அவ்வளவே.

அம்மக்கள் ஏன் வந்தனர்? ஆத்தும தாகம் ஒன்றே காரணம் என்று கூற நான் துணியேன். மானத்தோடு வாழும் வேட்கை இருந்தது. துன்புறுத்துவோரிடமிருந்து காவல் தேடும் எண்ணமும் இருந்தது. ஆயின் உலக ஆதாயமே காரணம் என்போர், வீட்டையும் ஊரையும் விட்டு முதலூருக்கு நடந்தவர்கள் இழந்தவற்றையும் கணக்கிடவேண்டும். 1811ஐ ஒட்டிக் கொடிய காய்ச்சல் பரவியபோது பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பினர். வந்தவர்களும் தாமே, திரும்பியவர்களும் தாமே.

இதனினும் தெளிவான சான்று சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம். கால்டுவெல் ஐயர் 1849இல் நாடார் சமுதாயத்தைப்பற்றி வெளியிட்ட ஆங்கில நூல், அவர்களுடைய அறிவாற்றலையும் பழைய சமயத்தையும் தாழ்த்திப் பேசியது. அம்மனப்புண் ஆறவில்லை. நாசரேத் மிஷனில் பணியாற்றியிருந்த சட்டாம்பிள்ளை, 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியரைச் சாராத தனிச்சபை ஒன்றை நிறுவினார். அச்சபையார் பழைய ஏற்பாட்டை ஆராய்ந்து சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர், தூபங்காட்டினர், நற்கருணைக்குப் புளிக்காத திராட்சரசத்தையே பயன்படுத்தினர். கிறிஸ்துவை விடாமலே மிஷனை விட்டவர்கள் இவர்கள். நம் வகுப்பறைகளில் இச்சபையை ஒரு பிளவு என்று இரண்டு வரிகளில் கடந்துபோகிறோம். எனக்கு அது வருத்தமே.

இதே சீமையில் 1981 பெப்ருவரியில் மீனாட்சிபுரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள், ஏறத்தாழ 180 குடும்பத்தினர், இஸ்லாத்தைத் தழுவினர். அயல்நாட்டுப் பணமே காரணம் என்ற கூக்குரல் நாடெங்கும் எழுந்தது. அவர்களோ சாதி இழிவையே காரணமாகக் கூறினர். இரண்டு நூற்றாண்டுகளாகத் திருச்சபை வேரூன்றிய மண்ணில் அவர்கள் ஏன் நம் வாசலைத் தட்டவில்லை என்று நாம் கேட்டாகவேண்டும். நம் கல்லறைத் தோட்டங்களிலும் சபைத் தேர்தல்களிலும் சாதி இருப்பதை அவர்கள் அறியாதவர்களா?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியாருக்கான உரிமைகளை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் அதற்குப் புறம்பே.

நான் ஆயராயிருந்த ஒரு சேகரத்தில் இளைஞர் ஒருவர் ஆறு ஆண்டுகள் தவறாது ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வார். ஞானஸ்நானம்பற்றிக் கேட்டேன். “ஐயரவர்களே, என் தங்கை படிப்பு முடியட்டும்” என்றார். நான் மாற்றலாகிச் சென்ற நாள்வரை அவர் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை.